தபாலு நடந்த தூரம்

"வேணாம்னு சொல்லிட்டேன் இல்ல. போடா," என்றாள் அஞ்சு.

திரையில் இருந்த காவல்காரன் போகவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு அதே கேள்வியை முதலில் இருந்து கேட்டான். என்ன கேட்கிறான் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. எல்லாம் ஜப்பான் எழுத்து. கேள்விக்குக் கீழே இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்று ரெண்டெழுத்து, இன்னொன்று மூணெழுத்து. ரெண்டெழுத்து என்றால் ஆமாம். மூணெழுத்து என்றால் வேண்டாம். எங்கள் ஜப்பான் மொழி ஞானம் அவ்வளவுதான்.

அஞ்சு மறுபடியும் மூணெழுத்தை அழுத்தினாள். அவன் மறுபடியும் கேட்டான்.

வெளியே ஐப்பசி மழை. எங்கள் வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மழை வலுத்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. நான் ஆறு மாதக் கர்ப்பிணி, இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தேன். அஞ்சு என் தலைமாட்டில் சுவரில் சாய்ந்து, அந்த மடக்கு மிஷினை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அதன் வெளிச்சம் அவள் மூக்குத்தியில் நீலமாகப் பட்டது.

எண்ணிக்கொண்டே அழுத்தினாள். முப்பதைத் தாண்டியதும் நான் சொன்னேன்:

"விடு அஞ்சு. ஆமான்னு சொன்னாத்தான் கதவைத் திறப்பான் போல."

"நம்ம ஊரு பெரியவங்க மாதிரியே கேக்குறான் அண்ணி. ஆமான்னு சொல்ற வரைக்கும் விடமாட்டாங்க."

அவள் எங்கள் வீட்டுக்கு வந்து இருபது நாள் ஆகியிருந்தது. தன்னைப் பற்றி அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

ஒரு கட்டைப் பை

இத்தனை வாரமாக இந்தத் தொடரில் தையல் கடை, பஸ், உப்பளம் என்று எழுதிக்கொண்டிருந்தவள் திடீரென்று வீடியோ கேமுக்கு வந்துவிட்டாளே என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கே தோன்றுகிறது. என் வாழ்க்கையில் நான் முழுசாக ஆடிய விளையாட்டு அது ஒன்றுதான். அதன் பெயர்கூட எனக்கு அப்போது தெரியாது.

அஞ்சு என்கிற அஞ்சலாட்சி என் கணவரின் தங்கை. திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒன்றரை வருஷம் கழித்து ஒருநாள் காலையில், ஜவுளிக்கடை கட்டைப் பை ஒன்றோடு வாசலில் வந்து நின்றாள். பையில் இரண்டு புடவை, ஒரு சீப்பு, ரேஷன் கார்டு நகல். ஏன் வந்தாய் என்று கேட்டதற்கு, "சும்மா பார்த்துட்டுப் போலாம்னு" என்றாள். போகவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள் வந்தது எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் ஒரு கூடம், ஒரு அறை. எனக்கு ரத்தப்போக்கு கண்டு, "கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, தையல் மிஷின் பக்கமே போகாதே" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்கள். அந்த ஒரே அறையில் நான் படுத்திருக்க, மூலையில் இவள் பாயைப் போட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள். பேசாத மனுஷியோடு ஒரு அறையில் நாளெல்லாம் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. பாத்தி எல்லாம் மழைத்தண்ணீர் நின்று ஏரி மாதிரி கிடக்கும். அளத்தில் உப்பு சுமக்கும் என் மாமியாரும், அங்கே மோட்டார் ரிப்பேர் பார்க்கும் என் வீட்டுக்காரர் ஏழுமலையும் கூடத்தில் இருப்பார்கள். ஆக நாலு பேரும் வீட்டில். நாலு பேருக்கும் பேச ஒன்றுமில்லை.

அப்போதுதான் கிளியனூரில் இருக்கும் என் தாய்வீட்டிலிருந்து தம்பி குமார் என்னைப் பார்க்க வந்தான்.

ஜப்பான்காரர் வீட்டுச் சாமான்

குமார் அப்போது சென்னைக்குத் தெற்கே ஒரு தொழிற்சாலையில் ஜப்பான் அதிகாரி ஒருவருக்கு கார் ஓட்டிக்கொண்டிருந்தான். அவர் குடும்பத்தோடு ஊர் திரும்பும்போது, எடுத்துப்போக முடியாததை எல்லாம் டிரைவரிடம் கொடுத்துவிட்டார். குடை, பீங்கான் கிண்ணங்கள், ஒரு குழந்தையின் மழைக்கோட்டு, கூடவே இந்த மடக்கு மிஷின். திறந்தால் மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை. அதில் சொருகுவதற்குத் தபால்தலை அளவில் ஒரே ஒரு அட்டை.

"படுத்துக்கினே இருக்கறியே, பொழுது போகும் அக்கா," என்றான்.

சார்ஜரோடு ஒரு கனமான இரும்புப் பெட்டியும் வந்தது. நம் ஊர் கரண்டு அந்த மிஷினுக்கு அதிகமாம். பெட்டியில் சொருகித்தான் சார்ஜ் போட வேண்டும், நேராகப் போட்டால் புகைதான் வரும் என்று பயமுறுத்திவிட்டுப் போனான். அந்தப் பயத்தில், யாரும் பார்க்காத நேரத்தில் நான் எழுந்து போய் அந்தச் சொருகலைச் சரிபார்ப்பேன். டாக்டரம்மாவுக்கு இது தெரியாது.

அட்டையின் மேல் ஒரு பெண்ணின் படம். தோளில் பெரிய பை, கையில் குடை. முதல் இரண்டு நாள் நான் தனியாக ஆடினேன். எங்கே அழுத்தினாலும் ஒரு பெட்டி திறந்து எழுத்தாகக் கொட்டியது. மூன்றாம் நாள் சலித்துப்போய்க் கீழே வைத்தேன். மூலையில் இருந்து அஞ்சுவின் குரல் வந்தது:

"அண்ணி, அந்தப் பொண்ணு பையில லெட்டர்தான் இருக்குது. வீடு வீடா கொடுக்குது பாருங்க."

அவள் அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

புல் முளைச்ச எழுத்து

அந்தப் பெண்ணுக்கு 'தபாலு' என்று பெயர் வைத்தோம். ஊர் ஊராக நடந்து கடிதம் கொடுப்பதுதான் அவள் வேலை. வழியில் ஒரு சமையல்காரி சேர்ந்துகொண்டாள். அவள் குண்டம்மா. பிறகு ஒரு பெரிய மீசைக்காரர், எப்போதும் தலையைக் குனிந்தே நடப்பார். அவர் மீசை. அவர்தான் தபாலுவின் தாய்மாமன் என்று முடிவு செய்தோம். வயசுப் பெண்ணோடு ஊர் ஊராக வேறு யார் நடப்பார்கள்?

என் தையல் அளவு நோட்டின் பின்பக்கத்தில் எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தோம். கூரை போட்ட எழுத்து வந்தால் தங்குகிற வீடு. தலையில் புல் முளைச்ச மாதிரி இருந்தால் மருந்து. இரண்டு பக்கமும் பொறி பறக்கிற எழுத்து நெருப்பு. தங்குகிற வீட்டுக்காரி ஏதோ கேட்பாள்; ரெண்டெழுத்தை அழுத்தினால் விளக்கை அணைத்து மூவரையும் தூங்க வைப்பாள், மூணெழுத்தை அழுத்தினால் கும்பிட்டுப் போய்விடுவாள். அப்படித்தான் ஆமாமும் வேண்டாமும் பிடிபட்டது. கண்டுபிடித்த அன்று அஞ்சு அந்த வீட்டுக்காரியைப் பத்து தடவை கும்பிட வைத்தாள்.

பிற்பாடு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் செல்போனில் எத்தனையோ விளையாட்டு பார்த்திருக்கிறேன். ஓட்டம், வெட்டு, சுடுதல். இது அந்த மாதிரி இல்லை. இதில் எல்லாம் மெதுவாக நடக்கும். சண்டை வரும். ஆனால் சண்டையில் குண்டம்மாவுக்கு மட்டும் ஒரு அடுப்புப் பெட்டி உண்டு. அதை அழுத்தினால் அவள் அங்கேயே அடுப்பு மூட்டிச் சமைப்பாள். எதிரி பசியோடு இருந்தால் சாப்பிட்டுவிட்டுப் போய்விடும். கரடி வந்து சாப்பிட்டது. கொள்ளைக்காரன் வந்து சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். எந்த எதிரிக்கு என்ன பிடிக்கும் என்பதற்கே நோட்டில் ஒரு பக்கம் வைத்திருந்தோம்.

சண்டையில் யாருக்காவது உயிர் குறைந்தால் தலைக்கு மேல் இருக்கும் எண் சிவப்பாகிவிடும். அப்புறம் அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நொண்டி நொண்டித்தான் நடப்பார். மற்ற இருவரும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்வார்கள். அதை முதன்முதலாகப் பார்த்தபோது அஞ்சு, "நிக்கிறாங்க பாருங்க அண்ணி," என்றாள். "விட்டுட்டுப் போவல."

அந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது மழை. மழை பெய்தால் பாட்டு நின்றுவிடும். தபாலு குடையை விரிப்பாள். சத்தம் மட்டும். எங்கள் கூரை மேல் ஒரு மழை, உள்ளங்கைக்குள் ஒரு மழை. எது எங்கள் மழை, எது ஜப்பான் மழை என்று தெரியாமல் இருவரும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்போம்.

ஒருநாள் என் மாமியார் அறைக்குள் எட்டிப்பார்த்தார். வெள்ளை வெயிலில் உப்பைப் பார்த்துப் பார்த்து அவர் கண் எப்போதும் பாதி சுருங்கியே இருக்கும்.

"இன்னாடி பண்றீங்க ரெண்டு பேரும்?"

"கடையில சாமான் வாங்கறோம்மா. இந்த ஊர்ல உப்பு யானை வெலை. கத்தி வாங்கற காசு கேக்குறான்," என்றாள் அஞ்சு.

மாமியார் குனிந்து திரையில் இருந்த சின்ன வெள்ளைக் குவியலைப் பார்த்தார். "இதுக்கா? இது தூசு உப்பு. வெலை போவாது," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வீட்டில் நாங்கள் மூவரும் ஒன்றாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

கூனிமேட்டு பாய் கடை

அழுத்தி அழுத்தி ஒரு பட்டன் அமுங்கிப் போனது. பழி காவல்காரன் மேல்தான் போட வேண்டும். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் மிஷினை லுங்கி மடிப்பில் சுருட்டிக்கொண்டு கூனிமேட்டுக்கு சைக்கிள் மிதித்தார். அங்கே செல்போன் ரிப்பேர் பார்க்கும் பாய் ஒருவர், பழைய கால்குலேட்டரின் ரப்பரை வெட்டி உள்ளே வைத்துக் கொடுத்தார்.

"பாய் கேக்குறாரு, இது யார் ஆடறது, புள்ளைங்களான்னு," என்று வந்து சொன்னார்.

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"என் தங்கச்சி சிரிக்கிற மிஷினு, சீக்கிரம் கொடுங்கன்னேன்."

அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. அன்றைக்குப் பேசியதே அதிகம்.

ஐந்து நாற்காலி

கார்த்திகை கடைசியில் அஞ்சுவின் புருஷன் வீட்டிலிருந்து பெரியவர்கள் ஐந்து பேர் வந்தார்கள். பக்கத்து வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டோம். புருஷனும் வந்திருந்தான். வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டான், உள்ளே வரவில்லை.

"இன்னாம்மா, வர்றியா?" என்று கேட்டார்கள்.

"வேணாங்க," என்றாள் அஞ்சு.

"குடும்பம்னா முன்ன பின்ன இருக்கும். அவன் இனிமே குடிக்கமாட்டான். வர்றியா?"

"வேணாங்க."

"உங்கண்ணன் வீட்ல இன்னொரு உசுரு வரப்போவுது. நீ எத்தினி நாளைக்கு இருப்ப? வர்றியா?"

என் மாமியார், "போம்மா. ஊர்ல நாலு பேரு கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. ஆனால் சொன்னது அதைத்தான்.

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "நீ இன்னா சொல்ற?"

அறை வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். அஞ்சுவின் முதுகில் இருந்த தழும்பை நான் பார்த்திருக்கிறேன். எண்ணெய் தேய்க்கும்போது அவளே காட்டினாள். அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் எட்டாவது மாதம், ஒரே அறை, பிறக்கப்போகிற குழந்தை, துணி காயப்போட இடம் என்று என் மனதில் ஓடியது வேறு.

"அவ இஷ்டம்," என்றேன்.

அவள் இஷ்டத்தைத்தான் மூன்று முறை சொல்லிவிட்டாளே. அது எனக்குத் தெரிந்துதான் சொன்னேன்.

அஞ்சு என்னைப் பார்க்கவில்லை. "சரிங்க," என்றாள்.

மிஷினை எடுத்துப் போ என்று கையில் திணித்தேன். "அங்க ஒடைச்சுடுவாங்க அண்ணி. நீங்க ஆடிக்கினே இருங்க. எங்க போறாங்கன்னு எனக்கு சொல்லுங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை போன்

தை மாதம் யாழினி பிறந்தாள். அஞ்சு வந்து பார்க்கவில்லை. அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் புருஷனின் செல்லிலிருந்து பேசுவாள். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும் போல. பின்னால் யாராவது இருமுவது கேட்கும், பாத்திரம் நகர்கிற சத்தம் கேட்கும்.

"நல்லா இருக்கியா?" என்றால், "நல்லா இருக்கேன்" என்பாள். அதற்கு மேல் அதில் ஒன்றும் இருக்காது. அதனால் நாங்கள் தபாலுவைப் பற்றிப் பேசினோம்.

"எந்த ஊருக்கு வந்துட்டாங்க அண்ணி?"

"பனி மலைக்கு வந்துட்டாங்க. குண்டம்மாவுக்குப் புது அடுப்பு கெடைச்சிருக்குது."

"மீசைக்கு மீன் கொடுத்தீங்களா? அவருக்குதான் முதல்ல கொடுக்கணும். வயசானவரு."

குழந்தை தூங்கும்போது நான் உண்மையிலேயே ஆடினேன். ஆசையாக இருந்தது என்பது பாதிக் காரணம். ஞாயிற்றுக்கிழமை அவளிடம் சொல்ல ஏதாவது வேண்டுமே என்பது மீதி.

பங்குனி பிறந்தது. உப்பளம் திறந்து, வெள்ளைக் குவியல்கள் மறுபடி ரோட்டோரம் ஏறின. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். போன் வந்தது.

"அண்ணி, தபாலுக்கு எண்ணு செவந்துடுச்சா?"

"இல்லியே. பச்சையாதான் இருக்குது. நேத்துதான் தங்குற வீட்ல தூங்க வச்சேன்."

"இல்ல அண்ணி. செவந்துடுச்சு. நடக்க முடியல. கையில மருந்து இல்ல. தங்குற வீடும் ரொம்ப தூரம்."

பின்னால் ஒரு பெண் குரல், "இன்னா கதைடி இது, வை போன," என்றது. வைத்துவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"வெளையாட்டப் பத்திதானே பேசுனா?" என்றார்.

"அவ வெளையாட்டப் பத்திப் பேசல. நான் போறேன். நீங்க வந்தாலும் வராட்டியும் போறேன்."

"மோட்டாரு பிரிச்சுப் போட்டது பிரிச்சபடி கெடக்குது. நான் போய் மூடிட்டு…"

அதற்குள் என் மாமியார் எழுந்துவிட்டார். காலையிலேயே அளத்துக்குப் போய்விட்டுக் கஞ்சி குடிக்க வந்திருந்தார். முழங்கால் வரை உப்புச்சேறு. அதைக்கூடக் கழுவவில்லை. கயிற்றில் கிடந்த புடவையை இழுத்துச் சுற்றிக்கொண்டு, குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுத்தார்.

"வா. பஸ்ஸு போயிடும்," என்றார்.

இரண்டு பஸ்

திண்டிவனத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. மாமியார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். திண்டிவனம் தாண்டியதும் ஒரே ஒரு தரம், "நான்தான் போன்னேன்," என்றார். நானும்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. குழந்தைக்குப் பால் கொடுப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

அஞ்சு வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். வலது கை மணிக்கட்டு வீங்கி, அதன் மேல் பழைய புடவைக் கிழிசலைச் சுற்றியிருந்தாள். நாலு நாளாகவாம். புருஷன் வீட்டில் இல்லை. அவன் அம்மா மட்டும் இருந்தாள்.

"குடத்தோட வழுக்கி வுழுந்துட்டா," என்றாள் அந்த அம்மாள்.

என் மாமியார் மகளின் கையை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். அவர் கால்களில் சேறு காய்ந்து வெள்ளையாக வெடித்திருந்தது.

"என் பொண்ணு பை எங்கம்மா?" என்று கேட்டார்.

"ஆம்பள இல்லாத நேரத்துல வந்து இப்படி…"

"பை எங்கன்னு கேட்டேன்."

அந்த அம்மாள் காட்டவில்லை. நானே உள்ளே போய் எடுத்து வந்தேன். அதே கட்டைப் பை. யாரும் எங்களைத் தடுக்கவில்லை. தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். மாமியார் மகளின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் அவள் வேகத்துக்கே நடந்தார்.

திண்டிவனம் பெரியாஸ்பத்திரியில் எலும்பு விரிசல் என்று சொல்லி மாவுக்கட்டு போட்டார்கள். ஏழுமலை மோட்டாரை மூடிவிட்டு நேராக அங்கே வந்து சேர்ந்தார். தங்கையைப் பார்த்ததும் வெளியே போய் டீ வாங்கி வந்தார். பிறகு மறுபடி வெளியே போய் இன்னொரு டீ வாங்கி வந்தார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் அஞ்சுவிடம் சொன்னேன். "அன்னிக்கு நான் பேசியிருக்கணும்."

"ஆமா," என்றாள். 'பரவாயில்ல' என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும். பிறகு, "புள்ளைய என் மடியில வைங்க," என்றாள்.

மூன்று கை

மாவுக்கட்டோடு அவளால் மிஷினைப் பிடிக்க முடியாது. எனக்கோ மடியில் யாழினி. அதனால் மிஷினைத் தலையணை மேல் வைத்து, அஞ்சு இடது கையால் நடத்துவாள், நான் அழுத்துவேன். சில சமயம் அவள் இடப்பக்கம் போக, நான் அழுத்தக் கூடாததை அழுத்தி, மூவரும் ஆற்றில் விழுவார்கள். இப்படியே கடைசிக் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

கடைசி எதிரி பெரிய கறுப்புப் பறவை. எட்டு முறை தோற்றோம். ஒன்பதாவது முறை அஞ்சு, "அடிக்க வேணாம் அண்ணி. இவ்ளோ தூரம் வந்துட்டு அடிக்க வேணாம். சமைச்சுப் பார்ப்போம்," என்றாள். நோட்டைப் புரட்டினோம். பறவைக்கு எது என்று எங்கும் இல்லை. கையில் இருந்ததை எல்லாம் போட்டுச் சமைத்தோம். உப்பைக்கூட விடவில்லை. பறவை சாப்பிட்டது. ரொம்ப நேரம் சாப்பிட்டது. பிறகு இறக்கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தது. கோட்டைக் கதவு திறந்தது.

உள்ளே யாருமில்லை. ஒரு மேசை, ஒரு நாற்காலி. தபாலு தன் பையில் இருந்த கடைசிக் கடிதத்தை எடுத்துப் பிரித்தாள். மேல் திரையும் கீழ்த் திரையும் சேர்ந்து ஒரே காகிதம் ஆனது. நிறைய எழுத்து. பாட்டு இல்லை. நாங்கள் அழுத்தினால்தான் அடுத்தது வரும். அழுத்த மனசு வரவில்லை. கூரையும் இல்லை, புல்லும் இல்லை, நெருப்பும் இல்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரு எழுத்துகூட அதில் இல்லை.

"இன்னா எழுதியிருக்கும்?" என்றேன்.

"யாருக்கு எழுதினதுன்னே தெரியலயே," என்றாள் அஞ்சு.

அளத்திலிருந்து வந்த மாமியார் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழே படிக்கத் தெரியாது. கிட்டே வந்து, கண்ணைச் சுருக்கி, அந்த வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வந்துடுன்னு எழுதியிருக்கும்," என்றார். "இவ்ளோ தூரத்துக்கு ஆள் அனுப்பி வேற இன்னா எழுதுவாங்க. எதுவா இருந்தாலும் வந்துடுன்னு."

சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். அஞ்சு தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான். நான் பட்டனை அழுத்தவில்லை. சார்ஜ் தீர்ந்து திரை தானாக அணைந்தது.

போன வாரம்

அஞ்சு திரும்பிப் போகவில்லை. விவாகரத்து கோர்ட்டில் முடிய வருஷக்கணக்கில் ஆனது. இப்போது உப்பு பாக்கெட் போடும் இடத்தில் மேஸ்திரி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தனியாக வாடகை வீடு பிடித்திருக்கிறாள். மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகத்தான் கூடியது. ஒரு புயலில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் வந்தபோது மிஷின் போய்விட்டது. நோட்டு தப்பித்தது. மாமியார் இரண்டு வருஷம் முன்பு காலமானார்.

யாழினி இப்போது பத்தாவது. அந்த நோட்டின் பின்பக்கத்தை எப்படியோ பார்த்துவிட்டு, நாங்கள் வரைந்த எழுத்துகளையும் குடைக்காரியின் படத்தையும் வைத்து செல்லில் தேடிக் கண்டுபிடித்தாள். அந்த விளையாட்டு விற்கவே இல்லையாம். ரொம்ப மெதுவு, தூக்கம் வருது என்று எழுதியிருந்தார்களாம். உலகத்தில் எங்கேயோ ஒரே ஒரு ஆள் மட்டும் பொறுமையாக உட்கார்ந்து முழுவதையும் இங்கிலீஷில் எழுதி வைத்திருக்கிறார். அவர் யாரென்று தெரியாது. நல்லா இருக்கட்டும்.

போன வாரம் அஞ்சு வந்திருந்தபோது யாழினி எங்களை உட்கார வைத்து, அதைத் தமிழில் சொன்னாள். மீசை தாய்மாமன் இல்லையாம். அந்த நாட்டில் யாரும் யாருக்கும் கடிதம் போடக் கூடாது என்று சட்டம் போட்ட ராஜாவே அவர்தானாம். வேஷம் மாறிக் கூட நடந்திருக்கிறார்.

"அவருக்குதான் எல்லா மீனையும் கொடுத்தோம்," என்றேன்.

"அதான் தலையைக் குனிஞ்சே நடந்தாரு," என்றாள் அஞ்சு. அவளுக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

"கடைசி லெட்டரைப் படிக்கட்டா அத்தை?" என்று யாழினி அவளைக் கேட்டாள்.

"படி."

யாழினி நிறுத்தி நிறுத்திப் படித்தாள். தபாலுவின் அம்மா எழுதியதாம். மகளுக்குப் போய்ச் சேராது என்று தெரிந்தே எழுதியது. வீட்டில் கூரை ஒழுகுவதைப் பற்றி, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டதைப் பற்றி, இந்த வருஷம் குளிர் அதிகம் என்பதைப் பற்றி. கடைசி வரி, 'உன்னைப் போக விட்டிருக்கக் கூடாது' என்று.

படித்து முடித்துவிட்டு யாழினி எங்கள் இருவரையும் பார்த்தாள். நான் அஞ்சுவைப் பார்த்தேன். அவள் கோணல் மணிக்கட்டை மற்ற கையால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்காங்க," என்றாள் கடைசியில். "ஆனா நமக்கு எங்கம்மா அன்னிக்கு சொன்னதே இருக்கட்டும்."